விளையாட்டும் வேரும்

(சுரண்டையில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. தனி மாந்தர் ஒருவர் தம் எண்ணத்தினாலேயே ஆக்கிக்கொண்ட மொழிகளைப் பற்றியும், அம்மொழிச் சொற்களுக்குள் அவர் ஒளித்துவைத்த விளையாட்டுகளைப் பற்றியும் பேச வந்துள்ளேன். "தமிழ் காக்கும் பணி தலைக்குமேல் கிடக்க, இல்லாத மொழிகளைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு?" என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. விடையை முதற்கண்ணே சொல்லிவிடுகின்றேன். ஆக்கியோன் உள்ள மொழியில், ஒரு சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கின்றது என்பதை அவனையே கேட்டுத் தெளியலாம். தமிழுக்கு அத்தகைய ஆக்கியோன் எவனும் இலன். ஆகவே தமிழ்ச்சொல்லின் உள்ளீட்டை எடுத்துரைக்க முன்வருவோன் இருமடங்கு பொறுப்புடையவன் ஆகின்றான். அப்பொறுப்பை நாம் உணர்ந்திருக்கின்றோமா என்பதே என் வினா.

நம் மாணவர்கள் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'பாகுபலி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் இராசமௌலி. அதிலே காலகேயர் என்றொரு கொடிய கூட்டம் போர்க்கு வரும். அவர்கள் பேசுவது தமிழும் அன்று, தெலுங்கும் அன்று. உலகில் எந்நாட்டு மொழியும் அன்று. 'கிளிக்கி' என்னும் பெயருடைய அம்மொழியை ஆக்கியவர் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அவர் ஆத்திரேலிய நாட்டில் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார். அக்குழந்தைகளோடு விளையாடுவதற்கென்று ஏறத்தாழ 100 சொற்களைக் கொண்ட சிறுமொழி ஒன்றைக் கட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கிளிக்'. அவ்விளையாட்டு மொழியே பின்னர்த் திரைப்படத்திற்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண நெறிகளும் உடையதாக விரிந்தது. 2020ஆம் ஆண்டு பிப்பிரவரி 21ஆம் நாள் தனி எழுத்து வடிவத்தோடு இணையத்திலும் அது வெளியிடப்பெற்றது.

அம்மொழியில் 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. ஒன்றைப் பின்னிருந்து படித்தால் மற்றொன்று. எதிரெதிர் நிற்கும் இருவரை, எதிரெதிர் திரும்பிய இரு சொற்களாலேயே காட்டிவிட்டார். நான் என்னைத் திருப்பி வைத்தால் நீ ஆகின்றாய்! குழந்தைகளுக்காகப் பிறந்த மொழியாதலின் குழந்தைக்குரிய நயம் அதில் உள்ளது. அதனைப் பாராட்டுவதில் நமக்குத் தடை இல்லை.

இனி, ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். ஆக்கியவர் யார் என்பதும் அவர் கூறிய விளக்கமும் மறைந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு ஆண்டு கழித்துத் தமிழ்ப்புலவர் ஒருவர் கையில் இச்சொற்கள் கிடைக்கின்றன. அவர் என்ன சொல்வார்? "நிம் என்பது நீ என்று பொருள்படுகின்றது. தமிழில் நின் என்றும் நும் என்றும் சொற்கள் உள. ஆகவே நிம் என்பது தமிழின் திரிபே" என்பார். மேலும் ஒருபடி சென்று, "மொழியின் பெயர் கிளிக்கி. தமிழில் கிளத்தல் என்றால் சொல்லுதல். கிளவி என்றால் சொல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே கிளவியாக்கம் அன்றோ? கிளவியே கிளிக்கி ஆயிற்று" என்று முழங்குவார். அவையும் கைதட்டும். பொருளும் பொருந்துகின்றது, ஒலியும் பொருந்துகின்றது, இலக்கண நூலின் இயற்பெயரும் துணைநிற்கின்றது! ஆயினும் அத்தனையும் பொய். நிம் என்பது மின் என்பதைத் திருப்பிப்போட்ட விளையாட்டு. கிளிக்கி என்பது நாவினால் எழுப்பும் 'கிளிக்' என்னும் ஒலியின் வழிவந்த பெயர். இன்று நாம் இதனை அறிவது நம் புலமையினால் அன்று. ஆக்கியவர் நம் காலத்தில் வாழ்கின்றார் என்பதனால்.

இவ்வெச்சரிக்கையை மனத்திற்கொண்டு கடல் கடந்து செல்வோம். 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க விண்வெளித் திரைப்படத்திற்காக, மார்க்கு ஓக்கிராண்டு என்னும் மொழியியலறிஞர் 'கிளிங்கன்' என்னும் மொழியை ஆக்கினார். மறு ஆண்டே, 1985இல், அதற்கு அகரமுதலியும் வெளியிட்டார். கேட்போர்க்குக் கரடுமுரடாக ஒலிக்கும் அச்சொற்களுக்குள் அவர் ஒளித்துவைத்த குறும்புகள் பல. இணை அல்லது இரட்டை என்பதற்கு அவர் அமைத்த சொல் 'சாங்எங்'. சயாம் நாட்டில் 1811இல் உடல் ஒட்டிப் பிறந்து உலகெங்கும் அறியப்பெற்ற இரட்டையர் சாங்கு, எங்கு என்போரின் பெயர்களே அவை. நரம்பிசைக் கருவி ஒன்றற்கு 'லெசுபல்' என்று பெயரிட்டார். மின்கித்தார்க் கலைஞர் இலெசு பால் என்பவரின் பெயர் அது. வலி என்பதற்கு 'ஓய்' என்று வைத்தார். யூத மக்கள் நோவிலும் துயரிலும் எழுப்பும் ஒலி அது. நம் நெல்லை வட்டாரத்திலோ 'ஓய்' என்பது நண்பனை அழைக்கும் விளி!

இவை எல்லாவற்றினும் நயமானது மீனுக்கு அவர் வைத்த பெயர். அதனை அறிய ஆங்கில எழுத்துமுறையின் குறைபாட்டைச் சற்று அறிதல் வேண்டும். 'இனஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதி இரண்டு எழுத்துகள் 'ஃப்' என ஒலிக்கின்றன. 'விமன்' என்னும் சொல்லில் ஒகர எழுத்து 'இ' என ஒலிக்கின்றது. 'நேசன்' என்னும் சொல்லின் நடுவே இரண்டு எழுத்துகள் 'சு' போல ஒலிக்கின்றன. இந்த ஐந்து எழுத்துகளையும் சேர்த்து வைத்தால், கண்ணுக்குக் 'கோட்டி' என்று தோன்றுவதை ஆங்கிலமுறைப்படி 'ஃபிசு', அதாவது மீன், என்று படிக்கலாம் என்பது பழைய நகையாடல். ஓக்கிராண்டு அந்த ஐந்து எழுத்துகளை அப்படியே எடுத்துத் தம் மொழியில் மீனுக்குப் பெயராக்கிவிட்டார். இந்நகையாடலை ஆக்கியவர் பெர்னாட்சா என்று பலரும் எழுதிவிட்டனர். சா பிறந்தது 1856இல். அந்நகையாடலோ 1855இல் எழுதப்பெற்ற மடலொன்றிலேயே காணப்படுகின்றது. ஒரு வேடிக்கைப் பேச்சின் தந்தை யார் என்பதிலேயே உலகம் இவ்வளவு தடுமாறுமானால், ஈராயிரம் மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய சொற்களைப் பற்றி முடிபு கூறுவோர் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்!

கோட்டி என்றதும் நம் பக்கத்து மாணவர்கள் சிரிக்கின்றனர். கரணியம் உண்டு. நம் ஊர்ப்பக்கத்தில் கோட்டி என்றால் பித்துப்பிடித்தவன். திருக்குறளில் கோட்டி என்றால் கற்றோர் அவை. கிளிங்கனில் கோட்டி என்றால் மீன். இம்மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயல்வோன் மூன்றாவதிலிருந்து முதலாவதற்கு வந்துசேர்வான் என்பதில் ஐயமில்லை!

ஒளித்துவைத்த விளையாட்டு ஒருபுறம் இருக்க, ஒளித்துவைக்காமலே தோன்றும் விளையாட்டும் உண்டு. ஆங்கிலப் பேராசிரியர் தோல்கியன் தம் கதைகளுக்காகப் பல மொழிகளை வாழ்நாள் முழுதும் வளர்த்தவர். அவர் மொழியொன்றில் சரிதல், வீழ்தல் என்னும் பொருளுடைய வேர் 'தலத்'. அவ்வேரிலிருந்து, கடலில் மூழ்கிய தீவுக்கு 'அதலந்தே', அதாவது வீழ்ந்துபட்டது, என்னும் பெயர் இலக்கணப்படி பிறக்கின்றது. கிரேக்கர் கூறும் மூழ்கிய நிலமாகிய 'அத்துலாந்திசு' என்பதோடு அது ஒத்திருக்கின்றது. படிப்போர் அனைவரும் வேண்டுமென்றே செய்தார் என்றே எண்ணுவர். அவரோ அது தற்செயலாய் வாய்த்த ஒப்புமை என்று தம் மடல் ஒன்றில் எழுதினார். கடல்கொண்ட நிலத்தின் நினைவைப் போற்றும் தமிழர் நாம் இதனைக் கருத்திற் கொள்க. ஆக்கியோனே வியக்கும்வண்ணம் ஒலிகள் தற்செயலாய் ஒன்றுபடுவது உண்டு.

இயற்கை மொழிகளிலும் அப்படியே. ஆத்திரேலியாவின் வடகிழக்கே, குயின்சுலாந்தில், 'ம்பபரம்' என்னும் பழங்குடி மொழி வழங்கிற்று. அம்மொழியில் நாய்க்குப் பெயர் என்ன தெரியுமா? 'தாகு'! ஆங்கிலேயன் நாயை அழைக்கும் அதே சொல்லைப் போலவே ஒலிப்பது. வெள்ளையனிடமிருந்து கடன்பெற்றதென எவரும் கூறுவர். ஆயின் அம்மொழியை ஆய்ந்த திக்சன் என்னும் அறிஞர், அண்டை மொழிகளில் 'குடக' என வழங்கும் பழஞ்சொல்லே முதலெழுத்து நீங்கி, உயிர் திரிந்து, இவ்வடிவம் பெற்றதெனக் காட்டினார். அதே திரிபு அம்மொழியின் பிற சொற்களிலும் ஒழுங்காக நிகழ்ந்திருப்பதே அவர் காட்டிய சான்று. ஒலி ஒப்புமை ஒன்றைச் சொல்லிற்று; திரிபு நெறி வேறொன்றைச் சொல்லிற்று. வென்றது நெறியே.

பெருமக்களே! இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். விளையாட்டை விளையாட்டென்றே வகுத்து, அதற்கு இரட்டுறமொழிதல் என்று பெயரும் இட்டனர். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்து இருபொருளும் படப் பாடினார். அதனைச் சுவைத்தவர் எவரும் பாம்பும் எள்ளும் ஒரு வேரில் பிறந்தன என்று சொல்லவில்லை. நமக்கு அண்மையிலுள்ள மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர், தம் குற்றாலக் குறவஞ்சியில், சிங்கன் சிங்கியின் கால்சிலம்பைப் பாம்பென்று மருள்வதாகப் பாடினார். அதனால் சிலம்பு பாம்பாகிவிடவில்லை.

மறைமொழி ஆக்குவதும் நமக்குப் புதிதன்று. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிறார்கள் ஒவ்வோர் அசைக்கு முன்னும் ககரம் சேர்த்துப் பிறர்க்கு விளங்காமல் பேசி மகிழ்வதையும் கேட்டிருப்பீர்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஆக்கிக்கொள்ளும் இத்தகைய சொற்களுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, நன்னூல் அதனை இலக்கணத்திலேயே சேர்த்துக்கொண்டது. வேடர் கள்ளுக்கு இட்ட பெயர் 'சொல்விளம்பி' என்று உரைகாரர் எடுத்துக்காட்டுவர். என்ன நயம் பாருங்கள்! கள் உள்ளே சென்றால் சொல் வெளியே வருகின்றது. மறைக்க ஆக்கிய சொல்லே, மறைவை வெளிப்படுத்தும் பொருளுக்குப் பெயராகி நிற்கின்றது. சொல் என்பதையும் விளம்புதல் என்பதையும் அறிந்த எவரும் இதனைத் திறந்துவிடலாம். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர் என்பதும் அங்கே காட்டப்படுவதே. காரை என்பது ஒரு முட்செடி, கழுத்தணி, சுவருக்குப் பூசும் சாந்து. ஆடைக்கு அது எவ்வாறு பெயராயிற்று என்பதைச் சொல்லின் உறுப்புகள் தாமே காட்டுவதில்லை. ஆகவே சொல்விளம்பியைத் திறப்பதுபோல் காரையையும் திறந்துவிட்டதாகச் சொல்லுதல் அறிஞர்க்கு அழகன்று. சொல்லுக்குப் பொருள் வந்த கரணியம் பார்த்த அளவிலே விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் அன்றே உணர்த்திவிட்டார்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். தனித்தமிழ் மேடைகளில் ஒருவகைச் சொல்லாராய்ச்சி பெருகிவருகின்றது. உலகத்து எந்தச் சொல்லையும் எடுத்து, அதனோடு ஒலியொத்த தமிழ்ச்சொல் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, "இதோ, தமிழ்!" என்று முடித்துவிடுவது. கேட்க இனிக்கின்றது. ஆயின், அதே முறையில் மற்றொருவன், 'சுரண்டு' என்னும் வினையைப் பக்கத்தில் நிறுத்தி, சுரண்டை என்பது சுரண்டுவோர் ஊர் என்று சொன்னால் நீவிர் ஒப்புவீரோ? ஒப்பமாட்டீர். "சான்று எங்கே?" என்று கேட்பீர். நம் ஊர்க்குக் கேட்கும் சான்றை நம் மொழிக்கும் கேட்டல் வேண்டாவா?

ஆங்கில 'ஒன்' என்பது தமிழ் 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது என்பார் உளர். ஆங்கிலத்தின் பழைய வடிவில் அச்சொல் 'ஆன்', செருமானியத்தில் 'ஐன்', பழைய இலத்தீனத்தில் 'ஓய்னோசு'. பின்னோக்கிச் செல்லச் செல்ல அது தமிழை விட்டு விலகுகின்றது. இதற்கு மாறாகக் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆனதைப் பாருங்கள். சொல்லைப் பிரித்தால் கட்டு, மரம் எனத் தமிழில் பொருள் திறக்கின்றது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய அப்பொருளும் நம் கடற்கரைக்கு உரியது. இங்கு வந்த அயலார் கண்டு எழுதிவைத்த வழியும் தெளிவாக உள்ளது. ஆங்கில அகரமுதலிகளே அதனைத் தமிழென்று ஏற்கின்றன. சான்றுடைய ஒரு கட்டுமரம் நம்மைக் கரைசேர்க்கும்; சான்றற்ற ஆயிரம் ஒப்புமைகள் நட்டாற்றில் விட்டுவிடும். நாம் சொல்லும் பத்தில் ஒன்று பொய் என்று பகைவன் காட்டினால், மெய்யான ஒன்பதும் அதனோடு சேர்ந்து நகைப்புக்கு இடமாகும். இழப்பு மேடைப்பேச்சாளனுக்கன்று, தமிழுக்கு.

இங்கிருந்து வடகிழக்கே சங்கரன்கோயிலில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர் மொழிஞாயிறு பாவாணர். 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்து, 1981இல் மறையும்வரை அப்பணியிலேயே உழைத்தவர். அவர்தம் முடிபுகளை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆயின் தனிச்சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றாரல்லர். ஒரு வேரினின்று கிளைத்த சொற்குடும்பத்தையே நிரல்படுத்திக் காட்டும் உழைப்பு அவருடையது. அவ்வுழைப்பை விடுத்து ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வோர் அவர் வழியினர் ஆகார்.

ஆகவே மூன்று வினாக்களை யான் முன்வைக்கின்றேன். ஒன்று: சொல்லின் உறுப்புகள் தமிழில் பொருளோடு பிரிகின்றனவா? இரண்டு: அதே திரிபு பிற சொற்களிலும் ஒழுங்காய் நிகழ்கின்றதா? மூன்று: பழைய நூலிலோ கல்வெட்டிலோ மக்கள் வழக்கிலோ அச்சொல் நடந்துவந்த தடம் உள்ளதா? இம்மூன்றனுள் ஒன்றற்கேனும் விடையில்லாத விளக்கத்தை விளையாட்டு என்று சொல்லிச் சுவைப்போம். வேர் என்று சொல்லி மேடை ஏற்றோம்.

விளையாட்டு வேண்டா என்று யான் சொல்லவில்லை. புதுச்சொல் ஆக்குவோர்க்கு அது பெருந்துணை. வேதாசலம் என்னும் பெயரைத் திறந்து, வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் மாற்றி, மறைமலை என்று நிறுத்தினாரே அடிகளார், அப்பெயருக்குள் பழைய பெயர் இன்றும் ஒளிந்துகிடக்கின்றது. குளம்பி என்னும் சொல், அக்கொட்டை விலங்கின் குளம்பை ஒத்திருத்தலை நோக்கி அமைந்தது என்பர். கணினி என்பதற்குள் கணித்தல் உள்ளது. கணியன் பூங்குன்றனாரின் பெயரிலுள்ள கணியும் அதுவே. ஒரு சிறுவன் தானே திறந்து பார்க்கும்படி அமைந்த சொல் அவன் வாயில் நிலைக்கும். திறவுகோல் இல்லாத சொல்லை அரசாணையாலும் நிலைக்கச் செய்தல் அரிது.

மாணவர்களே! மின், நிம் என்பதைக் கண்டு வியந்தீர்கள். நும் வாயிலேயே அதனினும் பெரிய அமைப்பொன்று உள்ளது. நான், நாம், யான், யாம், தான், தாம். னகரம் ஒருமை, மகரம் பன்மை. அங்கு, இங்கு, எங்கு. அன்று, இன்று, என்று. அவன், இவன், எவன். அகரம் சேய்மை, இகரம் அண்மை, எகரம் வினா. இடைப்பட்டதைச் சுட்டும் உகரம் நம்மிடம் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தாரிடம் இன்றும் 'உது' என்று வாழ்கின்றது. இதனை எவரும் ஒளித்துவைக்கவில்லை. எத்தனையோ தலைமுறை வாய்வழி வந்த ஒழுங்கு இது. இதனை அறியாத மாணவனுக்கு அவன் தாய்மொழியே எவரோ ஆக்கிய மொழிபோல் அடைபட்டுக் கிடக்கும். சொல், விளம்பு என்னும் இரண்டையும் மறந்த தலைமுறைக்குச் சொல்விளம்பியும் காலகேயர் பேச்சும் ஒன்றே.

நிறைவாக ஒன்று. கிளிங்கனை ஆக்கிய ஓக்கிராண்டு, அதற்கு முன், 1977இல், தம் முனைவர்ப் பட்டத்திற்காக எழுதியது 'முத்சன்' என்னும் கலிபோர்னியப் பழங்குடி மொழியின் இலக்கணம். அம்மொழியைச் செவ்வனே பேசிய கடைசி மூதாட்டி 1930இல் மறைந்தார். அவர் சொல்லச் சொல்ல முன்னோர் எழுதிவைத்த குறிப்புகளே அவ்விலக்கணத்திற்கு மூலம். இன்று அப்பழங்குடியின் வழித்தோன்றல்கள் அக்குறிப்புகளைக்கொண்டே தம் மொழியை மீட்க முயல்கின்றனர். விளையாட்டாய்ப் புனைந்த குறிப்புகளாய் இருந்திருப்பின் அவற்றைக்கொண்டு ஒரு சொல்லையும் மீட்டிருக்க இயலாது. உண்மையாய் எழுதிவைக்கப்பெற்றமையால் அவை உதவுகின்றன.

நாம் இன்று தமிழ்ச்சொல்லைப் பற்றி எழுதிவைப்பதும் ஒருநாள் நம் வழித்தோன்றல்களின் கையில் சேரும். அன்று அவர்கள் கேட்டுத் தெளிவதற்கு நாம் இருக்கமாட்டோம். நாம் எழுதியது மட்டுமே இருக்கும். அது மெய்யாய் இருக்கட்டும்.

வெல்க தமிழ்!